கோர்ச்சுலாவில் ஒரு ராத்திரியாவது தங்குங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: செப்டம்பரில் அப்பா அம்மாவோடு குரோவேஷியா போகிறோம். டுப்ரோவ்னிக்கில் மூன்று நாள், ஸ்ப்லிட்டில் இரண்டு நாள். நடுவில் கோர்ச்சுலா என்ற தீவு ஊரை ஒரு பகலில் பார்த்துவிட்டு வந்துவிடலாமா, தங்கியே ஆக வேண்டுமா? மார்க்கோ போலோ வீட்டைத் தவிர அங்கே என்ன இருக்கிறது? எல்லோரும் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

தங்குங்கள். இரண்டு ராத்திரி என்றால் நல்லது, ஒன்றாவது கட்டாயம். மார்க்கோ போலோ வீட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அந்த ஊரில் இருப்பதிலேயே சுமாரான விஷயம் அதுதான்.

ஏன் தங்கச் சொல்கிறேன் என்றால், டுப்ரோவ்னிக்கிலிருந்து வருகிற ஒருநாள் சுற்றுலாக் கூட்டம் வெயில் ஏறிய பிறகு வந்து இறங்கி, சாயங்காலத்துக்குள் கிளம்பிவிடும். அந்த நேரத்தில் கோர்ச்சுலா என்றால் கொடி பிடித்த வழிகாட்டி, அவர் பின்னால் நாற்பது பேர், ஐஸ்கிரீம் வரிசை, அவ்வளவுதான். பழைய ஊர் மிகச் சின்னது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து நிமிடம் கூட ஆகாது. அதனால் கூட்டம் உள்ளே வந்தால் ஊரே மறைந்துபோகும். கூட்டம் போன பிறகுதான் ஊர் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். நான் அங்கே முதல் நாள் மதியம் முழுக்க எரிச்சலோடு சுற்றினேன். மறுநாள் காலை ஆறரை மணிக்கு வெளியே வந்தபோது வேறு ஊருக்கு வந்துவிட்டதுபோல இருந்தது.

அந்தக் கட்டமைப்பைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் கோர்ச்சுலாவின் பெரிய சமாச்சாரம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன முட்டை வடிவ நிலத்தில் ஊர் இருக்கிறது. நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு தெரு, தெற்கே தரைப்பக்கம் இருக்கும் ஊர்வாசலிலிருந்து வடக்கு முனை வரை போகும். அதிலிருந்து இரண்டு பக்கமும் சந்துகள் படிப்படியாகக் கடலை நோக்கி இறங்கும். வரைபடத்தில் பார்த்தால் சுத்தமாக மீன்முள். இது தானாக வளர்ந்த ஊர் இல்லை, திட்டம் போட்டுக் கட்டியது. மேற்குப் பக்கச் சந்துகள் நேராக இருக்கும். கோடைக்கால மதியத்தில் வடமேற்கிலிருந்து மாஎஸ்ட்ரல் என்ற கடல்காற்று வரும். நேரான சந்து வழியாக அது உள்ளே புகுந்து ஊரைக் குளிர வைக்கும். கிழக்குப் பக்கச் சந்துகளை மட்டும் லேசாக வளைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் வடகிழக்கு மலையிலிருந்து இறங்கும் புரா என்ற காற்று பொல்லாதது. அது நேரே பாய்ந்து வராமல் வளைவில் முட்டித் தணிய வேண்டும் என்பதற்காக அந்த வளைவு. இடைக்காலத்தில் யாரோ ஒரு பெயர் தெரியாத ஆள் உட்கார்ந்து யோசித்த கணக்கு, இன்றும் வேலை செய்கிறது. செப்டம்பரிலும் வெயில் இருக்கும். மதியம் மூன்று மணிக்கு நடுத்தெருவில் நின்று முகத்தை மேற்கே திருப்பிப் பாருங்கள், காற்று வருவது தெரியும். கிழக்குப் பக்கம் திரும்பினால் அவ்வளவு இருக்காது.

இன்னொரு வேடிக்கை. இந்தச் சந்துகளில் படி இல்லாத சந்து ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பெயர் ‘சிந்தனைத் தெரு’. காலைப் பார்த்து நடக்க வேண்டாம், யோசித்துக்கொண்டே போகலாம் என்பதால் அந்தப் பெயராம். உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் அந்தத் தெருவையும், மதிலையொட்டி ஊரைச் சுற்றிப் போகும் பாதையையும் குறித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் படிதான். கல் தேய்ந்து பளபளவென்று இருக்கும், மழை பெய்தால் வழுக்கும். தோல் செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ரப்பர் அடியோடு ஷூ போடச் சொல்லுங்கள்.

அடுத்தது கல். ஊருக்கு எதிரே கொஞ்சம் கிழக்காகச் சின்னச் சின்னத் தீவுகள் சிதறிக் கிடக்கும். அதில் வர்னிக் என்ற தீவில் ரோமர் காலத்திலிருந்தே சுண்ணாம்புக்கல் வெட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்லை வைத்தே கோர்ச்சுலாவில் தலைமுறை தலைமுறையாகக் கல்தச்சர் குடும்பங்கள் வளர்ந்தன. நீங்கள் டுப்ரோவ்னிக்கில் எப்படியும் ஸ்போன்சா மாளிகையைப் பார்ப்பீர்கள். அதன் சாளரச் சிற்பவேலை கோர்ச்சுலாவின் அந்திரியிச் குடும்பத்தாருடையது. அந்தக் குடும்பத்து மார்க்கோ அந்திரியிச் சொந்த ஊர்க் கோயிலுக்கு வேலை செய்ததை இங்கே பார்க்கலாம். புனித மாற்கு பேராலயத்தின் மணிக்கூண்டு உச்சியும், உள்ளே பலிபீடத்துக்கு மேல் தூண்களில் நிற்கும் கல் விதானமும் அவர் கைவேலை, 15ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. விதானத்தின் நுணுக்கத்தைப் பார்க்கவாவது உள்ளே போங்கள். பலிபீட ஓவியம் தின்தொரெத்தோ வரைந்தது. இவ்வளவு சின்ன ஊரில் வெனிஸ் நகரத்துப் பெரிய ஓவியரின் படம் எப்படி என்று தோன்றும். 1420லிருந்து 1797 வரை இந்த ஊர் வெனிஸ் ஆட்சியில் இருந்தது, அதனால்தான்.

உள்ளே போகும் அவசரத்தில் வாசலை விட்டுவிடாதீர்கள். கதவின் இரு பக்கமும் சிங்கங்கள், அவற்றை ஒட்டிக் கூச்சத்தோடு குந்தியிருக்கும் ஆதாமும் ஏவாளும். மிலானிலிருந்து வந்த பொனினோ என்ற சிற்பி செய்தது. நிமிர்ந்து முகப்பின் முக்கோண விளிம்பைப் பார்த்தால் இரட்டை வால் கடல்கன்னி ஒருத்தி, கூடவே ஒரு யானை! செதுக்கியவர் யானையை நேரில் பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான். நம் கோயில் தூண்களில் யானை பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதைத் தேடிக் கண்டுபிடிப்பதில் ஒரு குஷி. மணிக்கூண்டின் மேல் ஏறலாம், ஆனால் படிக்கட்டு ஒரு ஆள் அகலம்தான். பெரியவர்களைக் கீழே காபிக் கடையில் உட்கார வைத்துவிட்டு ஏறுங்கள்.

சரி, மார்க்கோ போலோ. அவர் கோர்ச்சுலாவில் பிறந்தார் என்பதற்கு ஒரு ஆவணமும் கிடையாது. போலோ என்ற சாயலில் ஒரு குடும்பம் இங்கே இருந்தது, அதை வைத்துக் கட்டிய உரிமைக்கதை. வெனிஸ்காரர்கள் சிரிப்பார்கள். ‘அவர் பிறந்த வீடு’ என்று காட்டும் கோபுர வீடே அவர் 1324இல் இறந்து ரொம்ப காலம் கழித்துக் கட்டியது. திறந்திருந்தால், மேலே ஏறிப் பார்க்கும் காட்சிக்காக வேண்டுமானால் போகலாம்.

ஆனால் அவரை இந்த ஊரோடு சேர்க்கிற உண்மையான நூல் ஒன்று இருக்கிறது, அது கடலில் இருக்கிறது. 1298 செப்டம்பரில் இந்தத் தீவுக்கும் எதிரே இருக்கும் பெல்யேஷாட்ஸ் தீபகற்பத்துக்கும் இடையிலான கடலில் ஜெனோவாவின் கப்பற்படையும் வெனிஸின் கப்பற்படையும் மோதின. லாம்பா தோரியா தலைமையில் ஜெனோவா ஜெயித்தது. வெனிஸின் கப்பல்களில் பெரும்பாலானவை எரிந்தோ பிடிபட்டோ போயின. அந்தச் சண்டையில்தான் மார்க்கோ போலோ சிறைப்பட்டார் என்பது பழைய வழக்கு. வேறு ஒரு சண்டையில் என்று சொல்கிறவர்களும் உண்டு. எதுவானாலும், ஜெனோவா சிறையில் கூட இருந்த பீசா நகரத்து ருஸ்திகெல்லோவிடம் அவர் சொல்லச் சொல்ல எழுதியதுதான் அந்தப் பயணக் குறிப்பு.

அந்தக் குறிப்பில் நம் கடற்கரையும் வருகிறது. சீனாவிலிருந்து திரும்பும் வழியில் 1290களின் தொடக்கத்தில் பாண்டிய நாட்டை அவர் பார்த்தார். மாபார் என்று எழுதுகிறார். காயல் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்குவதையும், இங்கே குதிரை வளர்க்கத் தெரியாமல் அவை செத்துப்போவதையும் சொல்கிறார். முத்துக்குளிப்பில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. சுறாமீன் கடிக்காமல் மந்திரம் போடுகிறவருக்கு இருபதில் ஒரு பங்கு. நம் பக்கம் கடல்கட்டி என்பார்களே, அவரேதான். ஜனங்கள் வலது கையால் மட்டும் சாப்பிடுகிறார்கள், செம்பை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து தண்ணீர் குடிக்கிறார்கள், எந்நேரமும் வெற்றிலை மெல்லுகிறார்கள் என்றெல்லாம் ஆச்சரியப்படுகிறார். அதனால் அந்த வீட்டுக்குச் சீட்டு வாங்குவதைவிட, கிழக்கு மதில் ஓரம் பைன் மரத்தடியில் உட்கார்ந்து அந்தக் கடலைப் பாருங்கள். அண்ணாந்து தண்ணீர் குடிக்கும் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் இன்னும் விசேஷம்.

அதே கடலில் 1571 ஆகஸ்டில் இன்னொரு கதை. உலுஜ் அலி தலைமையில் உதுமானியத் துருக்கியரின் கப்பல்கள் ஊரைத் தாக்க வந்தன. வெனிஸ் அனுப்பிய ஆளுநர் தன் சிப்பாய்களோடு கிளம்பிப் போய்விட்டார். உள்ளூர்க்காரர்களே, ரொசானோவிச் என்ற பாதிரியார் தலைமையில், மதில் மேல் நின்று தடுத்தார்கள். பெண்கள் ஆண்களின் உடையும் தலைக்கவசமும் போட்டு மதிலில் நின்று ஆள்பலம் காட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். புயலும் வந்து கைகொடுத்தது. உதுமானியக் கப்பற்படை தோற்ற லெபான்டோ சண்டைக்கு இரண்டு மாதத்துக்கும் குறைவான நாள் இருந்த சமயம் அது. அந்த மதிலில் ஒரு பகுதியை 19ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள் என்பது தனி வயிற்றெரிச்சல். கோபுரங்கள் சில மிச்சம்.

ராத்திரி தங்கினால் கிடைக்கக்கூடிய இன்னொன்று மொரேஷ்கா என்ற வாள் நடனம். மத்தியதரைக் கடல் ஊர்கள் பலவற்றில் ஒரு காலத்தில் இருந்தது. உண்மையான வாளோடு இங்கே நிலைத்துவிட்டது. கறுப்பு அரசன் ஒரு பெண்ணைத் தூக்கிவந்துவிடுவான், வெள்ளை அரசன் மீட்க வருவான். வெள்ளை அரசனின் ஆட்கள் போட்டிருப்பது சிவப்பு உடை, ஏன் என்று குழம்ப வேண்டாம். ஆளுக்கு இரண்டு வாள், ஏழு சுற்றுச் சண்டை, கடைசிச் சுற்றுகளில் பொறி பறக்கும். ஊர்த் திருநாளான ஜூலை 29 அன்று விசேஷமாக ஆடுவார்கள். கோடையில் பயணிகளுக்காக வாரத்தில் சில மாலைகள் நடத்துகிறார்கள். தொடக்கத்தில் வரும் வசனம் இழுவைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் ஆட்டம் நடக்கும் நாட்கள் குறையும், அதனால் ஆடும் நாளைத் தெரிந்துகொண்டு அதற்கேற்பத் தங்கும் தேதியை வையுங்கள்.

இனி போய்ச் சேரும் வழி. இதில்தான் நான் ஏமாந்தேன், தப்பு முழுக்க என்னுடையது. கோர்ச்சுலா என்பது ஊரின் பெயர், தீவின் பெயரும் அதுவே. ஸ்ப்லிட்டிலிருந்து கார் ஏற்றும் பெரிய கப்பல் போய் நிற்பது தீவின் மேற்குக் கோடியில் இருக்கும் வேலா லூக்காவில். பழைய ஊர் கிழக்குக் கோடியில். நடுவில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. நான் தீவின் பெயரைப் பார்த்து டிக்கெட் எடுத்து, இருட்டும் நேரத்தில் வேலா லூக்காவில் இறங்கி, கடைசி பஸ்ஸையும் விட்டு, அறை வாடகைக்குச் சமமான தொகையை டாக்ஸிக்குக் கொடுத்தேன். நீங்கள் ‘கோர்ச்சுலா நகரம்’ என்று போட்டிருக்கும் கேட்டமரன் படகை எடுங்கள். டுப்ரோவ்னிக்கிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம், அது கோடைப் பருவத்தில்தான் ஓடும். ஸ்ப்லிட்டுக்குப் போவது அதைவிடக் கொஞ்சம் அதிக நேரம். அப்படியானால் டுப்ரோவ்னிக், கோர்ச்சுலா, ஸ்ப்லிட் என்று ஒரே திசையில் போய்விடலாம், திரும்பி வரவே வேண்டாம். தெற்கிலிருந்து யூகோ காற்று பலமாக அடித்தால் படகை ரத்து செய்வார்கள். ஆகவே ஊருக்கு விமானம் ஏறும் நாளுக்கு முந்தைய நாளில் படகுப் பயணத்தை வைக்காதீர்கள். காற்றைப் பார்த்து, படகு நிற்கும் இடத்தையும் ஊரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றுவதுண்டு. கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

காரில் வந்தால் பெல்யேஷாட்ஸ் வழியாக ஒரெபிச் வந்து, அங்கிருந்து இருபது நிமிடக் கப்பலில் தொமின்சே. அங்கிருந்து ஊர் மூன்று கிலோமீட்டர் போல. காரில்லாதவர்களுக்கு ஒரெபிச்சிலிருந்து நேராகப் பழைய ஊர் ஓரத்துக்கே சின்னப் படகு உண்டு.

விசா விஷயத்தையும் இதோடு சொல்லிவிடுகிறேன், இந்தியப் பாஸ்போர்ட் என்பதால். 2023 ஜனவரி 1 முதல் குரோவேஷியா ஷெங்கனிலும் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) யூரோவிலும் சேர்ந்துவிட்டது. பழைய பணமான குனா நோட்டு யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். டுப்ரோவ்னிக் பகுதி மற்ற குரோவேஷியாவோடு நிலத்தால் ஒட்டாமல் இருக்கிறது. நடுவில் நெயூம் என்ற இடத்தில் போஸ்னியா சில கிலோமீட்டர் கடற்கரையை வைத்திருக்கிறது. அந்த வழியாகப் போனால் ஷெங்கனை விட்டு வெளியேறி மறுபடி நுழைவதாகக் கணக்கு. ஒற்றை நுழைவு விசாவோடு அது பெரிய வம்பு. 2022 ஜூலையில் பெல்யேஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு போஸ்னியாவைத் தொடாமலே போகலாம். பஸ்ஸில் போவதானால் பாலம் வழியா நெயூம் வழியா என்று முன்கூட்டியே கேளுங்கள். டுப்ரோவ்னிக்கில் யாராவது மோஸ்தருக்கோ கோத்தோருக்கோ ஒருநாள் பயணம் விற்க வந்தாலும் இதே கணக்கு: முதலாவது போஸ்னியா, இரண்டாவது மாண்டினீக்ரோ, இரண்டும் ஷெங்கனுக்கு வெளியே.

சாப்பாடு. கடல் ஊர், உணவுப் பட்டியல் முழுக்க மீன்தான். ஆனால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பிளித்வா என்று ஒன்று எங்கும் கிடைக்கும்: கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டும் ஆலிவ் எண்ணெயில் புரட்டியது. கிட்டத்தட்ட நம் கீரைக் கூட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கை. மீனுக்குத் தொட்டுக்கொள்ளத் தருவார்கள், நீங்கள் அதையே பெரிய தட்டாகக் கேளுங்கள். பக்கத்துக் கிராமமான ஷ்ர்னோவோவில் கையால் உருட்டுகிற மகருனி பிரசித்தம், மெல்லிய குச்சியில் மாவைச் சுற்றி உருட்டி எடுப்பது. வழக்கமாக இறைச்சிக் குழம்போடு வரும். தக்காளிச் சாற்றில் தரச் சொன்னால் தருவார்கள், ஆனால் மாவில் முட்டை இருக்கிறதா என்று முட்டை சாப்பிடாதவர்கள் கேட்க வேண்டும். கறுப்பு ரிசோட்டோ என்பது கணவாய் மீனின் மை கலந்த சோறு, அதைத் தவிர்த்துவிடுங்கள். அறை எடுக்கும்போது ‘சோபே’ (அறைகள்) என்ற பலகை மாட்டிய வீடுகளில் சமையலறையோடு கூடியதாகப் பாருங்கள். சந்தையில் அத்திப்பழம், தக்காளி, வெள்ளரி, பாலாடைக்கட்டி எல்லாம் கிடைக்கும். அரிசியும் பருப்பும் கையில் இருந்தால் அம்மா ராத்திரி ஒரு ரசம் வைத்துவிடுவார். குழாய்த் தண்ணீரே குடிக்கலாம்.

மது அருந்துகிறவர் என்றால் ஒரு குறிப்பு. ஊரிலிருந்து ஏழு கிலோமீட்டர் போல இருக்கும் லும்பார்டாவில் மணற்பாங்கான நிலத்தில் க்ர்க் என்ற வெள்ளைத் திராட்சை வளர்கிறது. அதில் பெண் பூ மட்டும்தான், தானாகக் காய்க்காது. அதனால் நடுநடுவே பிளாவாட்ஸ் மாலி என்ற வேறு ரகத்தை நட்டு வைத்திருப்பார்கள், மகரந்தத்துக்காக. க்ர்க் வேறெங்கும் அதிகம் வளர்வதில்லை. அருந்தாதவர்களும் லும்பார்டா போகலாம், இந்தத் தீவில் மணல் கடற்கரை அங்கேதான். மற்ற இடமெல்லாம் கூழாங்கல்லும் பாறையும், கடல் முள்ளெலி காலில் குத்தும், ரப்பர் காலணி இல்லாமல் இறங்காதீர்கள். அதே லும்பார்டாவில்தான் கிறிஸ்துவுக்கு முந்தைய கிரேக்கக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. குடியேறியவர்களுக்கு நிலத்தை எப்படிப் பங்கிட்டார்கள் என்பதும் அவர்கள் பெயர்ப் பட்டியலும் அதில் இருக்கின்றன. மூலம் ஸாக்ரெப் அருங்காட்சியகத்தில். நகல் பேராலயத்துக்கு எதிரே இருக்கும் ஊர் அருங்காட்சியகத்தில். பட்டா சிட்டா விவகாரம் எவ்வளவு பழையது பாருங்கள்.

இரண்டு ராத்திரிக்கு என் யோசனை: வந்த அன்று ஒன்றும் செய்யாதீர்கள், சாயங்காலம் மதிலைச் சுற்றி நடங்கள். மறுநாள் விடிந்ததும் சந்துகள், கூட்டம் வருமுன் பேராலயம், அப்புறம் டாக்ஸிப் படகில் பத்து நிமிடத்தில் பாதியா தீவு. அங்கே பழைய ஃபிரான்சிஸ்கன் மடம், பைன் நிழலில் சமதளப் பாதை, கிட்டே வந்து நிற்கும் மான்கள். பெரியவர்களுக்கு மிகவும் பிடிக்கும். மான்களுக்குத் தீனி போட்டுப் பழக்காதீர்கள், பையையே பிடித்து இழுக்கும். திரும்ப வரும்போது மதியக் கூட்டம் கிளம்பத் தொடங்கியிருக்கும்.

பெட்டி விஷயம் மறந்துவிட்டேன். பழைய ஊருக்குள் கார் வராது. சக்கரப் பெட்டியைப் படியில் இழுத்தால் பெட்டியும் போகும், தெருவில் தூங்குகிறவர்களின் தூக்கமும் போகும். அறை கொடுக்கிறவரிடம் முன்பே சொல்லி வைத்தால் படகுத்துறைக்கே வந்து கைகொடுப்பார். எனக்கு அறை கொடுத்த வீட்டுக்காரம்மாள் எழுபது வயதில் என் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஏறிப் போனார். நான் மூச்சு வாங்க நின்றபோது திரும்பிப் பார்த்து ‘பொமாலோ, பொமாலோ’ என்றார். மெதுவா வாப்பா என்று அர்த்தம்.